பெயர் அறியாத மனிதர்களின் பழைய புகைப்படங்கள்: பார்க்கும் முறையும் காக்கும் முறையும்

1838ஆம் ஆண்டில் புகைப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான லூயி டாகெர், பாரிஸ் நகரத்தின் புல்வார் து தாம்பிள் என்னும் அகன்ற சாலையை உயரமான ஒரு சன்னலிலிருந்து படம்பிடித்தார். ஒளி பதிவாவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால், அப்போது அச்சாலையில் சென்றுகொண்டிருந்த வண்டிகளும் குதிரைகளும் நடந்துபோனவர்களும் தகட்டில் தடயமே இல்லாமல் மறைந்துபோயினர். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்துகொண்டிருந்தவரும் மட்டும் படத்தில் தங்கிவிட்டனர். மனித உருவம் தெளிவாகப் பதிந்த புகைப்படங்களில் மிகப் பழையது என்று பொதுவாகக் கருதப்படுவது இதுவே. அவ்விருவரின் பெயர்கள் நமக்குத் தெரியாது. தாங்கள் படத்தில் விழுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

சாதாரண மனிதர்களின் பழைய படங்கள் ஏன் நம்மை விடாமல் பிடித்துக்கொள்கின்றன என்று கேட்டால், அதற்கான விடை இந்த முதல் படத்திலேயே இருப்பதாக நான் கருதுகிறேன். ஓவியர் தமக்கு வேண்டாததை வரையாமல் விட்டுவிடுவார். கேமராவுக்கு அப்படி விடத் தெரியாது. எதிரே இருந்த அனைத்தையும், யாரும் கேட்காத சிறு விவரங்களையும் சேர்த்து அது எடுத்துக்கொள்கிறது. அவிழ்ந்த காலணிக் கயிறு, தங்கையின் தோளை அழுத்திப் பிடித்த அக்காவின் விரல்கள், சட்டகத்தின் ஓரத்தில் பாதி வெட்டுண்டு நிற்கும் யாரோ ஒருவரின் கை ஆகியவை எடுத்தவரின் நோக்கத்தில் இல்லாதவை. பழைய படம் ஒன்று மனத்துக்கு நெருக்கமாவது பெரும்பாலும் இத்தகைய ஒரு விவரத்தின் வழியாகத்தான். ஆகவே அந்த விவரங்களைக் காணப் பழகுவதும், அவை அழியாமல் காப்பதும், அவற்றைப் பற்றி நாம் சொல்வது உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் ஒரே வேலையின் பகுதிகளே. குடும்பப் பெட்டியில் கிடைத்த படங்களாயினும், பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் வாங்கிய முன்பின் அறியாதவர்களின் படங்களாயினும் இவ்வழிகாட்டி பொருந்தும்.

நிதானமாகப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு படங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கும்போது கண் முகங்களை மட்டுமே பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். மேசையின் மேல் சுத்தமான வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் படத்தை வைத்து, பக்கவாட்டிலிருந்து மென்மையான வெளிச்சம் விழும்படி அமருங்கள். ஐந்து முதல் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கையில் இருக்கட்டும்.

முதல் வேலையாக, முகங்களைச் சிறு தாள் துண்டுகளால் மறைத்துவிட்டு (படத்தை அழுத்தாமல், தேய்க்காமல்) மற்றவற்றைப் பாருங்கள். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் இதைவிடப் பயனுள்ள வழியை நான் அறியேன். முகம் மறைந்தவுடன் கைகள் பேசத் தொடங்குகின்றன. யார் யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார், யாருடைய கை மூடியிருக்கிறது, உழைப்பினால் தடித்த விரல்கள் யாருடையவை, எந்த உடை உடுத்தியவரின் அளவுக்குத் தைக்கப்படாமல் தொங்குகிறது என்பவை அப்போதுதான் தெரியும். பிறகு தரையைப் பாருங்கள். விரிப்பு எங்கே முடிகிறது, அதற்கப்பால் மண்ணா பலகையா என்று கவனியுங்கள். நான்கு ஓரங்களையும் சுற்றி வாருங்கள். எடுத்தவரின் கண் நடுவில் இருந்த காரணத்தால், ஓரங்களில்தான் கட்டுப்பாடில்லாத வாழ்க்கை உள்ளே நுழைந்திருக்கும். அதன்பின் தாள் துண்டுகளை எடுத்துவிட்டு முகங்களுக்குத் திரும்பினால், அவை முன்பு பார்த்த முகங்களாக இருப்பதில்லை.

காண்பதை அப்படியே எழுதுங்கள். பொருள் சொல்ல அவசரப்படாதீர்கள். “சோகமான பெண்” என்று எழுதுவதற்கு முன், “வாய் மூடியிருக்கிறது, கண்கள் கேமராவுக்கு வலப்பக்கம் பார்க்கின்றன, இடக்கை நாற்காலியின் சாய்வைப் பிடித்திருக்கிறது” என்று எழுதிப் பாருங்கள். சோகம் என்பது நம்முடையதாக இருக்கக்கூடும்.

அடுத்து, கேமராவைப் பிடித்தவர் யார் என்று கேளுங்கள். தரையில் விழுந்த நிழல் பல படங்களில் அவரைக் காட்டிக்கொடுக்கும். பார்வையின் உயரம் பெரியவரா சிறுவரா என்பதைக் குறிக்கலாம். ஒரு குழந்தை கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் விதத்திலும், அந்நியரைப் பார்த்து ஒதுங்கும் விதத்திலும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதே. குடும்பப் படங்கள் பலவற்றில் ஒருவர் மட்டும் ஒருபோதும் தென்படுவதில்லை என்றால், எடுத்தவர் அவராகவே இருப்பார் என்பது நல்ல ஊகம்.

ஸ்டுடியோ படங்களைப் பார்க்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. மாலி நாட்டின் பமாக்கோவில் 1948இல் ஸ்டுடியோ தொடங்கிய செய்டூ கெய்ட்டா என்ற புகைப்படக்காரர், தம்மிடம் வந்தவர்கள் பயன்படுத்துவதற்காக வானொலிப் பெட்டி, கைக்கடிகாரம், பேனா முதலியவற்றை அங்கே வைத்திருந்தார். ஆகவே படத்தில் ஒருவர் கையில் இருக்கும் பொருள் அவருடைய உடைமை என்று கொள்ள முடியாது. அவர் எப்படித் தோன்ற விரும்பினார் என்பதற்கு அது சான்று. இதை ஏமாற்று என்று கருதுவோருடன் நான் உடன்படுவதில்லை. தன்னைத் தான் விரும்பிய வடிவில் ஒருமுறையேனும் காண ஒருவர் எடுத்துக்கொண்ட முயற்சியே இப்படங்களின் உயிர். கெய்ட்டா முதலில் தம் படுக்கை விரிப்பையே பின்திரையாகப் பயன்படுத்தினார். பின்னர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரையை மாற்றியதால், எந்தத் திரை எந்தக் காலத்தது என்பதைக்கொண்டே தம் படங்களுக்குக் காலம் சொல்ல அவரால் முடிந்தது. உங்களிடம் ஒரே ஸ்டுடியோவின் படங்கள் பல இருந்தால், திரையையும் நாற்காலியையும் விரிப்பையும் ஒப்பிட்டு இதே முறையில் அவற்றை வரிசைப்படுத்தலாம்.

பழைய படங்களில் யாரும் ஏன் சிரிப்பதில்லை என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது என்பது பாதி விடைதான். 1840இல் யோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்சும், தகட்டின் வேதிப்பூச்சில் வந்த மேம்பாடுகளும் அப்பத்தாண்டின் தொடக்கத்திலேயே அந்த நேரத்தை ஒரு நிமிடத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. ஆயினும் இறுக்கமான முகங்கள் இன்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. படம் எடுத்துக்கொள்வது பலருக்கு வாழ்நாளில் ஓரிரு முறையே வாய்த்தது. ஓவியங்களில் கண்ட கண்ணியமான தோற்றமே அதற்கு உரியது என்று அவர்கள் எண்ணினர். தலை அசையாமலிருக்கப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புத் தாங்கி ஒன்றை ஸ்டுடியோக்கள் பயன்படுத்தின. அதன் அடிப்பாகம் சில படங்களில் நிற்பவரின் கால்களுக்குப் பின்னே தெரியும். இதைக் கண்டு, படத்தில் இருப்பவர் இறந்தவர் என்றும் அவரை நிறுத்திப் படமெடுத்தார்கள் என்றும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்தத் தாங்கி உயிருள்ளவரை அசையாமல் வைக்கத்தான் உதவும். ஓர் உடலின் எடையை அதனால் தாங்க முடியாது. இறந்தவர்களைப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது உண்மையே. அவர்களைப் பெரும்பாலும் படுத்த நிலையிலோ, குழந்தையாயின் பெற்றோர் மடியிலோ காணலாம்.

குழந்தைகளை அசையாமல் வைப்பது இன்னும் கடினமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் டின்டைப் (மெல்லிய இரும்புத் தகட்டில் பதிந்த) படங்கள் பலவற்றில், குழந்தைக்குப் பின்னால் துணியால் முழுவதும் மூடிய ஓர் உருவம் இருக்கும்; நாற்காலி போலத் தோன்றும் அது குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய், அல்லது வேறு ஒருவர். ஓரங்களை மறைக்கும் அட்டைச் சட்டம் போட்டபின் அவ்வுருவம் பெரும்பாலும் தெரியாது. சட்டம் விலகிய நிலையில் இன்று நம் கைக்கு வரும்போதுதான் அந்தக் கைகள் வெளிப்படுகின்றன.

டாகெரோடைப்பிலும் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிந்த படம்) டின்டைப்பிலும் உருவம் பொதுவாக இடவலம் மாறியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மோதிரம் எந்தக் கையில், சட்டை எப்பக்கம் மூடுகிறது என்பவற்றை வைத்து முடிவு செய்வதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும். பில்லி த கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரரின் புகழ்பெற்ற டின்டைப்பைப் பார்த்து அவரை இடக்கையர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். படத்தில் உள்ள துப்பாக்கியில் தோட்டா இடும் வாய் தவறான பக்கத்தில் இருப்பதைக் கவனித்த பிறகே அந்த நம்பிக்கை திருத்தப்பட்டது. நிறங்களிலும் இதுபோன்ற மாற்றம் உண்டு. கொல்லோடியன் என்ற வேதிக்கரைசல் பூசிய பழைய தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியாக இயங்கின. சிவப்பும் மஞ்சளும் அவற்றில் கருமையாக விழுந்தன, நீலம் வெளுத்தது. கருப்பாகத் தெரியும் உடை துக்கத்தின் உடையாக இருக்க வேண்டியதில்லை. அது செந்நிறமாக இருந்திருக்கலாம். வெளிறித் தெரியும் கண்கள் நீலக் கண்களாக இருக்கலாம்.

காலத்தைக் கணிப்பது

உடையை வைத்துக் காலம் சொல்வதே பலருடைய முதல் முயற்சி. நான் அதை இரண்டாம் சான்றாகவே வைப்பேன். மக்கள் பழைய உடைகளை ஆண்டுக்கணக்கில் உடுத்தினர். முதியவர்கள் தங்கள் இளமைக் காலத்து மோஸ்தரை விடாமல் பின்பற்றினர். குழுப்படத்தில் இளம்பெண்களின் உடையும் தலையலங்காரமும் மற்றவர்களுடையதைவிடக் காலத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் படத்தின் பொருள், அதாவது அது எதன்மேல் பதிந்திருக்கிறது என்பது, அதைவிட நம்பத்தக்கது.

கண்ணாடி போல் மின்னி, சாய்க்கும்போது உருவம் நேர்ப்படமாகவும் எதிர்ப்படமாகவும் மாறிமாறித் தெரிந்தால் அது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உள்ள டாகெரோடைப். 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இம்முறை 1860வாக்கில் ஏறக்குறைய வழக்கொழிந்தது. கண்ணாடித் தகட்டில் கருப்புப் பின்னணியோடு இருப்பது ஆம்ப்ரோடைப். பெரும்பாலும் 1850களின் நடுவிலிருந்து 1860கள் வரை. மெல்லிய இரும்புத் தகட்டில் இருப்பது டின்டைப். சிறு காந்தத்தை உறையின் வெளிப்புறமாக அருகில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும். 1856இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டின்டைப், திருவிழாக்களிலும் கடற்கரைகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எடுக்கப்பட்டதால், அதற்குக் காலம் சொல்வதில் கூடுதல் கவனம் தேவை.

தாளில் உள்ள படங்களில், தடித்த அட்டையில் ஒட்டிய மெல்லிய தாளும், மஞ்சளேறிய வெளிர்ப்பகுதிகளும், உருப்பெருக்கியில் தெரியும் தாள் இழைகளும் இருந்தால் அது முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் அச்சாக இருக்கலாம். 1850 முதல் அந்நூற்றாண்டின் இறுதி வரை அதுவே ஆட்சி செய்தது. அட்டையின் அளவும் உதவும்: சுமார் 64க்கு 100 மில்லிமீட்டர் என்றால் கார்ட் டி விசிட் (பிரான்சில் திஸ்தேரி 1854இல் இதற்குக் காப்புரிமை பெற்றார், 1860களில் இது பெருமோகமாகப் பரவியது), சுமார் 108க்கு 165 என்றால் 1860களின் பிற்பகுதியில் வந்த கேபினெட் கார்ட். கருமையான பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிந்தால் அது ஜெலட்டின் சில்வர் அச்சு. 1890களிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அதனுடையது. உருப்பெருக்கியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது புத்தகத்திலோ இதழிலோ அச்சான பிரதி.

1888இல் வந்த முதல் கோடாக் கேமரா வட்டமான படங்களைத் தந்தது. நூறு படங்களுக்கான சுருளை உள்ளே வைத்து விற்ற அந்தக் கேமராவை, எடுத்து முடித்தபின் அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். 1900இல் பிரவுனி கேமரா வந்தபின் சிறுவர்களும் படமெடுத்தனர். சாய்ந்த தொடுவானமும், வெட்டுண்ட தலைகளும், வாய்விட்டுச் சிரிக்கும் முகங்களும் பெருகியது இதன் பிறகுதான். சாதாரண மனிதர்களின் படங்களை விரும்புவோருக்கு இக்காலமே பெருஞ்செல்வம் என்பது என் கருத்து. ஏனெனில் படமெடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் எந்தப் படத்தையும் கீழே வைக்காதீர்கள். அமெரிக்கப் படம் ஒன்றின் பின்புறம் வரி செலுத்தியதைக் காட்டும் வில்லை ஒட்டப்பட்டிருந்தால், அது அந்த வரி நடப்பிலிருந்த 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்கப்பட்டது. அஞ்சலட்டையாக அச்சிட்ட படங்களில், அஞ்சல்தலை ஒட்டும் கட்டத்தில் உள்ள தாள் நிறுவனத்தின் குறி காலத்தைச் சொல்லும்; ஏஸோ (AZO) என்ற தாள்வகையின் பெயரைச் சுற்றியுள்ள நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கியிருந்தால் 1904 முதல் 1918 வரை என்று சேகரிப்பாளர்கள் கணிக்கிறார்கள். ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்ட பிற்காலப் படங்களில் அந்தத் தேதி கழுவி அச்சிட்ட நாளைக் குறிக்கும். சுருள் கேமராவுக்குள்ளேயே ஓராண்டு கிடந்திருக்கவும் கூடும். பின்பக்கம் பிளாஸ்டிக் போல் வழுவழுப்பாக இருந்தால் 1960களின் இறுதிக்குப் பிந்தியது. பழைய முகம் ஒன்று அத்தகைய தாளில் இருந்தால் அது பின்னாளில் எடுத்த மறுபிரதி.

பெயர்களைத் தேடுவதும் எழுதுவதும்

1936 மார்ச்சில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங், கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர்களின் முகாமில், குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்க நெற்றி சுருங்க அமர்ந்திருந்த ஒரு தாயைப் படமெடுத்தார். உலகில் மிக அதிகமாக மறுபிரசுரம் செய்யப்பட்ட படங்களுள் அது ஒன்றாயிற்று. ஆனால் லாங் அவருடைய வயதைக் குறித்துக்கொண்டாரே தவிர பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளிவந்தது. காரின் டயர்களை விற்று உணவு வாங்கினார்கள் என்று லாங் பிற்காலத்தில் எழுதியதையும் குடும்பத்தினர் மறுத்தனர். எத்தனை சிறந்த படமாயினும், பெயரில்லாதபோது அதில் இருப்பவர் ஒரு மனிதராக இல்லாமல் வறுமையின் சின்னமாக மட்டும் ஆகிவிடுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை.

ஆகவே, தெரிந்தவர்கள் உயிருடன் இருக்கும்போதே கேளுங்கள். குடும்பத்தின் மூத்தவர்களிடம் படத்தைக் கொடுத்து “இது யார்?” என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். “இந்தப் படத்தை யார் எடுத்தார்கள்? அன்று வேறு யார் உடனிருந்தார்கள்? இந்த நாற்காலி பிறகு என்னவாயிற்று?” என்று கேளுங்கள், பொருட்களின் வழியே நினைவு எளிதாகத் திரும்புகிறது. அனுமதி பெற்றுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இருவரிடம் தனித்தனியே கேளுங்கள். விடைகள் முரண்பட்டால் இரண்டையும், சொன்னவர் பெயரோடு, எழுதி வையுங்கள்.

குறிப்பில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுவது நல்லது: படத்திலோ அதன் பின்புறத்திலோ எழுதியிருப்பது, ஒருவர் சொன்னது, நீங்களே ஊகித்தது. “அம்மாவின் அத்தை” என்று எழுதினால் இரண்டு தலைமுறைக்குப் பின் யாருடைய அம்மா என்று யாருக்கும் விளங்காது, முழுப்பெயரை எழுதுங்கள். குழுப்படத்தில் இடமிருந்து வலமாக, வரிசைவாரியாக எழுதி, தெரியாதவருக்கும் ஓர் இடம் விடுங்கள். பின்புறத்தில் எழுதுவதாயின் மென்மையான பென்சிலால், கடினமான சமதளத்தில் வைத்து, ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் புடைக்கும். மை காலப்போக்கில் ஊடுருவும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது என்பதால் அதன் குறிப்பை உறையில் எழுதி, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

அழியாமல் காப்பது

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, படத்தின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். நெகட்டிவ்களுக்கு நைட்ரைல் கையுறை நல்லது. ரப்பர் வளையம், ஊக்கு, ஒட்டுநாடா ஆகிய மூன்றும் வேண்டாம். கிழிந்த படத்தை ஒட்டாமல் துண்டுகளாகவே ஓர் உறையில் வைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய சிறந்த பழுதுபார்ப்பு. டாகெரோடைப்பின் மேற்பரப்பைத் துடைத்தால் உருவமே போய்விடும். அதன் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஒட்டும் பசைப் பக்கங்களின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் ஆல்பங்கள் பழைய படங்களுக்குப் பெருங்கேடு. அவற்றிலிருந்து எடுக்கும்போது இழுத்துப் பிய்க்காமல், பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகிடாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் மெல்ல அறுப்பதுபோல் நகர்த்தினால் பல படங்கள் விடுபடும். விடுபடாததை வற்புறுத்தாமல், பக்கத்தோடு படமெடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் கருந்தாளில் மூலைப்பிடிகளோடு ஒருவர் கைப்பட அடுக்கிய பழைய ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள். எந்தப் படத்துக்கு அருகில் எந்தப் படம் என்பது அவர் எடுத்த முடிவு. அதைக் கலைத்தால் திரும்பப் பெற முடியாது. பக்கங்களுக்கு இடையே அமிலமற்ற மெல்லிய தாளை வைத்தால் போதும்.

உறைகள் அமிலமும் லிக்னினும் (மரக்கூழில் உள்ள, தாளை மஞ்சளாக்கும் பொருள்) நீக்கிய தாளாலோ, பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் ஆகியவற்றாலோ ஆனவையாக இருக்க வேண்டும்; பிவிசி கூடாது. வாங்கும்போது புகைப்படச் செயல்பாட்டுச் சோதனையில் (Photographic Activity Test, உறை படத்தைக் கெடுக்குமா என்று பார்ப்பது) தேறியது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படங்கள் இருக்கும் இடம் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும், ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் பெரிதும் ஏறி இறங்காமலும் இருப்பது நல்லது. கூரைக்கு அடியிலும் தரைமட்டத்திலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். வெள்ளத்தில் நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உலர்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பிரித்து, படப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி உலர்த்துங்கள். உடனே செய்ய இயலாவிட்டால் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்துப் பின்னர் செய்யலாம். கண்ணாடித் தகட்டையும் டின்டைப்பையும் மட்டும் அவ்வாறு உறைய வைக்கக் கூடாது.

நெகட்டிவ்களில் புளிக்காடி வாடை வந்தால் அவற்றின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. அவற்றைத் தனியே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்திய நெகட்டிவ் மஞ்சளித்துப் பிசுபிசுத்தால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆவணக் காப்பகம் ஒன்றிடம் ஆலோசனை கேளுங்கள். நெகட்டிவ் தேவையற்றது என்று மட்டும் யாரும் தூக்கியெறிய வேண்டாம். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் தெருவில் கண்ட மனிதர்களை எடுத்த படங்கள், 2007இல் அவருடைய சேமிப்பறையின் பொருட்கள் ஏலத்தில் போனதால்தான் வெளிவந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அவற்றில் பெரும்பாலானவை நெகட்டிவ்களாகவே இருந்தன.

பிரதியெடுப்பதும் பகிர்வதும்

ஸ்கேனரில் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். அச்சுப்படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள், சிறு படமாயின் 1200, 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 2400க்கு மேல் என்று வைத்து, டிஃப் (TIFF) என்னும் கோப்பு வடிவில் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே எடுங்கள். மங்கலின் நிறமும் கறையும் அதன் வரலாற்றின் பகுதி. ஓரங்கள் வெட்டுப்படாமல், பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருட்களைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. அவை இல்லாத கண்ணிமைகளையும் பற்களையும் தாமே கற்பித்து வரைகின்றன. கிடைப்பது உங்கள் கொள்ளுப்பாட்டியின் முகம் அல்ல, அவரைப் போன்ற ஒருவரின் முகம். வண்ணமேற்றுவதும் ஊகமே, நீல ஒளிக்கு மட்டும் இயங்கிய தகட்டிலிருந்து உடையின் நிறத்தை மீட்க எந்த வழியும் இல்லை. குடும்ப மகிழ்ச்சிக்காகச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் மாற்றிய பிரதியின் கோப்புப் பெயரிலேயே “மாற்றியது” என்று சேர்த்து, மூலத்தின் ஸ்கேனோடு இணைத்தே எங்கும் அனுப்புங்கள். இல்லையெனில் சில ஆண்டுகளில் பொய்முகமே நிலைத்துவிடும்.

முன்பின் அறியாதவர்களின் படத்தை வெளியிடும்போது, அதை வாங்கியதால் அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். உரிமை பெரும்பாலும் எடுத்தவரையோ அவருடைய வாரிசுகளையோ சேரும். காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். படத்தில் இருப்பவர் இன்னும் வாழக்கூடும் என்றால், குறிப்பாகக் குழந்தைகளாயின், அவர்கள் விரும்புவார்களா என்று எண்ணிப் பாருங்கள். முகத்தை நகைப்புக்கு உள்ளாக்கும் தலைப்பும், நீங்களே கற்பித்த சோகக் கதையும் வேண்டாம். ஸ்டுடியோ பெயர், ஊர், பின்புற எழுத்து ஆகியவற்றை முழுமையாகத் தந்தால் உறவினர் எவரேனும் அடையாளம் காணும் வாய்ப்பு உண்டு. ஆர்கன்சா மாநிலத்தின் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் 1959இல் இறந்த மைக் டிஸ்ஃபார்மர் என்ற புகைப்படக்காரர் அங்கிருந்த மக்களை எளிய திரைக்கு முன் நிறுத்தி எடுத்த படங்கள் 1970களில் புகழ்பெற்றபோது, அவற்றின் மூல அச்சுகள் அந்த வட்டாரத்துக் குடும்பங்களின் ஆல்பங்களில்தான் இருந்தன. உங்கள் கையில் உள்ள படத்துக்கும் அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். அவர்கள் கேட்டு வந்தால் மூலத்தைக் கொடுத்துவிட்டு நல்ல பிரதி ஒன்றை வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

பிடித்த படத்தைச் சுவரில் மாட்ட விரும்பினால் பிரதியை மாட்டுங்கள். வெளிச்சம் செய்யும் கேட்டைத் திருத்த முடியாது. ஸ்கேனிலிருந்து மூலத்தின் அளவிலேயே, ஓரங்களோடு அச்சிட்டால் அதன் இயல்பு கெடாது. சட்டத்தின் பின்புறம், படத்தில் இருப்பவர் பெயரும், பெயர் தெரியாவிட்டால் படம் கிடைத்த இடமும், மூலம் எந்தப் பெட்டியில் எந்த உறையில் இருக்கிறது என்பதும் எழுதிய தாளை ஒட்டிவிடுங்கள்.